குத்துமதிப்பு

பாடப்புத்தகம் அதை மதிப்பிடல் என்கிறது.
மூன்றாம் தரத்துக்கு அது வாயில் நுழையவில்லை.
குத்துமதிப்பு என்றேன்.
கனிஸ்டன் எழுந்து
மேசையை ஒரு குத்துக் குத்திக் காட்டினான்.

ஜாம் போத்தலில் கொண்டைக்கடலை.
எண்ணாமல் சொல்லுங்கள், எத்தனை இருக்கும்?
ஆயிரம். கோடி.
சாப்பிடலாமா மிஸ்?
அடுத்த நாள் ஒரு பிடி அள்ளி எண்ணினோம்.
இருபத்தாறு.
போத்தலுக்குள் எத்தனை பிடி போகும் என்று
கையை விரித்து விரித்துப் பார்த்தார்கள்.
யாருடைய பிடி, உன்னுடையதா சுலோஜனுடையதா
என்று ஒரு சண்டை.
நல்ல சண்டை. விட்டுவிட்டேன்.

கொப்பிகளை வாங்கிப் பார்த்தால்
முப்பத்தொரு பேரும் சரியாக ஊகித்திருந்தார்கள்:
இருநூற்றுப் பதினேழு.
எண்ணி முடித்த பிறகு
அழிறப்பர் வேலை செய்திருக்கிறது.
சில தாள்களில் ஓட்டை.

மறுநாள் வாசலில் நின்று
அழிறப்பர்களை எல்லாம் பிஸ்கட் டின்னில் வாங்கிக்கொண்டேன்.
பிழை என்று ஒன்றும் இல்லை,
பக்கத்தில் வந்தால் போதும்.
எவ்வளவு பக்கம் மிஸ்?
மேல் லயம் அளவா, நோர்வூட் அளவா?
பதில் தெரியாமல் யன்னலைப் பார்த்தேன்.
மூடுபனியில்
மைதானத்துக் கம்பம் ஒன்றுதான் தெரிந்தது.
மற்றதெல்லாம் இருக்கும் என்று
நம்பிக்கொண்டிருந்தோம்.

நிறைப் பாடத்துக்கு ஒரு சாக்கு உருளைக்கிழங்கு,
கடையில் இரவல் வாங்கிய தொங்கு தராசு.
ஒவ்வொருவராய்த் தூக்கினார்கள்.
நாலு கிலோ. பதினைந்து.
எங்க தம்பி அளவு.
ரிஷாந்தினி இரண்டு கையாலும் தூக்கி,
இடுப்புக்கு ஒருதரம் மாற்றி,
ஆறு என்றாள்.
பிறகு கொஞ்சம் யோசித்து,
'தராசுல நாலு காட்டும்.'

ஆறேகால் காட்டியது.
அவள் முள்ளைப் பார்க்கவில்லை,
என் முகத்தைப் பார்த்தாள்,
நான் இன்னும் எதையோ கழிக்க வேண்டியது போல.
'சாக்குக்கு ஒண்ணு, தண்ணிக்கு ஒண்ணு மிஸ்.
எங்கம்மா மலையில தூக்கிப் பாத்தே சொல்லிரும்.
தராசுகிட்ட போனா வேற சொல்லுவாங்க.'
இன்றைக்கு மழை இல்லையே என்றேன்.
'மழை இல்லாட்டியும்.'

கொப்பியில் மூன்று நிரல்கள்:
ஊகம், அளவு, வித்தியாசம்.
ஆறு எழுதினாள். ஆறேகால் எழுதினாள்.
மூன்றாவதில் பென்சில் நின்றது.
'இந்தக் கால் கிலோ யாருக்கு மிஸ்?'

சிவப்புப் பேனை மூடியைத் திறந்து
திரும்ப மூடினேன்.

மணி அடிக்க
கிழங்கைப் பகிரலாம் என்று முடிவாயிற்று.
ஆளுக்கு ரெண்டு வரும் என்றான் கனிஸ்டன்,
சாக்கை எட்டிக்கூடப் பார்க்காமல்.
வந்தது.
ஒன்று மிஞ்சியும் இருந்தது.