குதிரைமொழித் தேரியில் மூன்று நாள்

மூன்று நாளைக்கு நாலாயிரத்து ஐந்நூறு,
சாப்பாடு தனி.
சாட்டை குட்டியானையிலேயே கிடக்கட்டும் என்றாள் ஜெசிந்தா.
என்னைவிடப் பதினெட்டு வயது இளையவள்,
முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ்.
அவள் கூட்டாளி முகைதீன் பிச்சை
செம்மணலில் மூங்கில் நட்டு
நைலான் கயிற்றால் வட்டம் கட்டிக்கொண்டிருந்தார்.
"மூலை இருந்தா அவ ஒளிவா, அண்ணாச்சி.
மூலை இருந்தா நாமளும் மடக்கப் பாப்போம்."

நான் இருபத்திரண்டு வருசம் பந்தய வண்டி ஓட்டியவன்.
வீட்டில் ஒன்பது குத்துவிளக்கு, எல்லாம் பரிசு.
புயல் என்று பேர் வைத்த இந்தப் பெட்டை
மூன்று பந்தயத்தில் பாதி ரோட்டில் நின்றது.
நின்றது என்றால், நட்டு வைத்த மாதிரி.
விற்கப் போனால் பாதி விலை கேட்டான்.
அதனால் வந்தேன்.
வேறு ஞானம் ஒன்றும் இல்லை.

முதல் நாள் எனக்கு
நிற்கச் சொல்லிக் கொடுத்தார்கள்.
தோளைத் திருப்புங்க. கண்ணால குத்தாதீங்க.
வயித்தத் தளர விடுங்க.
மச்சினன் கல்யாணத்தில்கூட
இத்தனை அடக்கமாய் நான் நின்றதில்லை.
அது சுற்றிச் சுற்றி ஓடியது,
மணல் என் பல்லுக்குள் நறநறத்தது.
உள்பக்கக் காது உங்க பக்கம் திரும்பும், பாருங்க என்றார் பிச்சை.
சாயங்காலம் திரும்பியது,
கொல்லாமரத்தில் கத்திய மயிலுக்கு.

மறுநாள் கயிறு.
விரலால் ஒரு பாரம்,
அது மயிரிழை இசைந்தால் உடனே விட வேண்டும்.
"அழுத்துனதுல அவ படிக்க மாட்டா,
விட்டதுலதான் படிப்பா."
நான் விடுவதற்குள் நேரமாகிவிட்டது.
மறுபடி. நேரமாகிவிட்டது.
ஜெசிந்தா மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு
இப்ப நான்தான் குதிரை, என்கிட்ட கேளுங்க என்றாள்.
கேட்டேன்.
தோளைத் தடவிக்கொண்டே
இதுக்குப் பேரு கேக்கறதா என்றாள்.

மூன்றாம் நாள்
வெயில் ஏறும் முன்னே
அதன் தலை தாழ்ந்தது.
வாயில் ஒன்றுமில்லாமல் மென்றது.
என்னைப் பார்த்து வந்தது, வந்தது,
பிறகு அதே நிற்பு.
ரோட்டில் நின்ற நிற்பு.
கண்ணில் இறங்கிய வியர்வையைத் துடைக்கக் கை தூக்கினேன்.
தோல் முழுக்க ஒரு நடுக்கம் ஓடி அடங்கியது.
கால் நகரவில்லை.
நகர வேண்டாம் என்று தெரிந்த கால்.

தண்ணீருக்குக் கூட்டிப் போன பிறகு
பிச்சை போய்ச் சாட்டையை எடுத்துவந்தார்.
நான் நின்ற இடத்தில் என் கையை நீட்டச் சொல்லி
அதன் முனையிலிருந்து மணலில் படுக்க வைத்தார்.
குஞ்சம் முடிந்த இடத்துக்கு
நாலு விரற்கடை அப்பால்
குளம்புத் தடம்.

இந்தத் தேரிக்குக் குதிரைமொழி என்று
யார் பேர் வைத்தார்களோ.
இருபத்திரண்டு வருசம் நான் பேசியது ஒரே வார்த்தை.
அவள் அதை அளந்து வைத்திருந்தாள்.

மத்தியானம் ஒரு கால்
அந்தக் கோட்டுக்கு உள்ளே வந்தது.
பின்னால போங்க, உடனே, என்றாள் ஜெசிந்தா குசுகுசுவென்று.
பந்தயத்தில் ஒரு முழம் விட்டால்
அடுத்தவன் சக்கரம் உள்ளே வந்துவிடும்.
போனேன்.
அடுத்த காலையும் வைத்தாளா என்று கேட்காதீர்கள்.
ஈ கடித்தது, திரும்பிப் போய்விட்டாள்.

ராத்திரி பரமன்குறிச்சி வந்து சேர எட்டு மணி.
பூங்கனி சோறு போட்டாள்.
லிங்கதுரை தன் தட்டை எடுத்துக்கொண்டு
நடைவாசல் பக்கம் போய் உட்கார்ந்தான்.
எப்போதும் அங்கேதான் உட்காருவான்.
நான் அடி எண்ணவில்லை.
என் தட்டைச் சுவரோரமாய்
ஒரு சாண் பின்னால் இழுத்துக்கொண்டேன்.
ஏன், அங்கன ஃபேன் காத்து வரலியா
என்றாள் பூங்கனி.