வாடகை ஏழு நாள்

வாடகைக்கு எடுத்தது வீட்டை மட்டும்தான்.
வாடை, கூடவே வந்தது.

சாவி பூந்தொட்டிக்கு அடியில் இருக்கும் என்றாள்
திர்ஸா ரெய்ஸ்ட்ரிக், தொலைபேசியில்.
பூந்தொட்டிகள் பதினொன்று.
ஒன்பதாவதைத் தூக்கினால் ஒரு தேரை,
அதன் வயிற்றுக்குக் கீழே சாவி.
ஆல்வின் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எடுத்தான்.
என்னிடம் அவ்வளவு பணிவாய் அவன் பேசி
நாளாயிற்று.

அக்டோபர் மூன்றாம் வாரம். யார்க்‌ஷயர் மேட்டுநிலம்.
ஹெதர் பூத்து ஓய்ந்திருந்தது.
ஊதா வேண்டுமென்றால் ஆகஸ்டில் வர வேண்டும்,
ஆகஸ்டில் வாடகை இரட்டிப்பு.
எங்கள் காசுக்குக் கிடைத்தது
துருப்பிடித்த பெரணி,
பால் விடாத தேநீர் நிறத்தில் ஓடை,
மிதித்த இடமெல்லாம் காலை இழுத்து
உறிஞ்சிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரும் கரிச்சேறு.

வரைபடத்தில் ஒரு நடுகல் இருந்தது.
பழைய பாணி எழுத்தில், மரியாதையாக.
மூடுபனிக்குள் அதைத் தேடிப் போனோம்.
அவன் கிழக்கு என்றான், நான் மேற்கு என்றேன்,
காலடியிலிருந்து வெடித்துக் கிளம்பிய காட்டுக்கோழி
'திரும்பிப் போ, திரும்பிப் போ' என்றது.
அரைமணி நேரமாய் இதைத்தான் சொல்கிறேன் என்றேன்.
கடைசியில் கண்ணில் பட்டது நடுகல்.
கிட்டே போனதும்
எழுந்து, உதறிக்கொண்டு,
இருமிவிட்டு நடந்தது:
செம்மறி.
இருவரும் சிரித்தோம்.
தனித்தனியாக.

நான்காம் நாள் மடாலயம்.
இருபது மைல், ஒற்றைத்தடச் சாலை,
எதிரே டிராக்டர் வந்தபோதெல்லாம் பின்னோக்கி ஓட்டி
வாயிலுக்குப் போய்ச் சேர்ந்தால்
பலகை: மார்ச் வரை மூடல்.
கம்பிகளுக்கிடையே பார்த்தோம்.
கூரை இல்லை. கண்ணாடி இல்லை.
வளைவுகள் மட்டும்
எதையோ தாங்குகிற பாவனையை விடாமல் நின்றன.
காருக்குள் உட்கார்ந்து முட்டை சாண்ட்விச் தின்றோம்.
எங்கள் மூச்சு கண்ணாடியை மறைத்ததும்
மடாலயமும் போனது.

வீட்டில் பேச முடியாத ஒன்றைப் பேசத்தான்
இவ்வளவு தூரம் வந்தோம்.
நான்கு நாளாய்
மழை வருமா என்று பேசினோம்.
வந்தது. அதையும் பேசினோம்.

மாலை, திர்ஸா நிலக்கரி கொண்டு வந்தாள்.
வாளியை வைத்தவள்
அடுப்புப் பக்கத்துச் சுவரில் துருத்திய கல்லில்
நான் காயப்போட்ட கரித்துணியைப் பார்த்தாள்.
"மடத்துக் கல்" என்றாள்,
"நேற்று சந்தையில் வாங்கினேன்" என்பது போல.
துணியை எடுத்தேன்.
பாதி இலை. உளிபட்ட நரம்புகள்.
ஓரத்தில் கொத்தனின் குறி, மீன்முள் மாதிரி.
"ராஜா மடத்தை மூடினார்.
எங்கள் ஆட்கள் வண்டி கட்டினார்கள்.
இந்தப் பள்ளத்தாக்கில் கல்லுக்குக் காசு கொடுத்தவன் எவன்?
பன்றிக்கொட்டிலில் பாருங்கள்,
தேவதை ஒருத்தியின் முழங்கை இருக்கிறது."

டார்ச் எடுத்துக்கொண்டு போனோம்.
மழையில், இரவல் பூட்ஸில்.
கதவு தாண்டி இடதுபுறம், இடுப்பு உயரத்தில்
மடிப்பு மடிப்பாய் ஒரு சட்டைக் கை,
மடங்கிய முழங்கை.
கையும் இல்லை, தோளும் இல்லை.
ஐந்நூறு வருடத்துப் பன்றிகள்
முதுகு சொறிந்து சொறிந்து
பட்டுப் போல் ஆக்கி வைத்திருந்தன.
இப்போதையது, பெருத்த வெள்ளைக்காரி,
எங்களை ஒரு முறை பார்த்துவிட்டு
தன் வேலையைத் தொடர்ந்தது.
முழங்கைக்கு ஆட்சேபணை இருப்பதாய்த் தெரியவில்லை.

ஆல்வின் அதைத் தொட்டான்.
வெதுவெதுப்பாக இருக்கிறது, தொட்டுப் பார் என்றான்.
நான் தொட்டபோது
அவன் கையை எடுக்கவில்லை.
பிறகு, வைக்கோல் நாற்றத்தில்,
டார்ச் மஞ்சளாகி மங்கிக்கொண்டிருக்க,
சுவரைப் பார்த்தபடி
பேசத் தொடங்கினான்.

சனிக்கிழமை சாவியைத் தேரையிடம் ஒப்படைத்தோம்.
விருந்தினர் ஏட்டில் எங்களுக்கு முன்னால் வந்தவர்கள்
சூரிய அஸ்தமனம் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தார்கள்.
பேனா என் கையில் நெடுநேரம் இருந்தது.
வெந்நீர் நன்றாக வருகிறது,
என்று எழுதினேன்.