தேதியை மட்டும் மாற்றவும்

பல்லடத்தில் அந்த டூர் நோட்டீஸை எழுதி அடித்தவன் நான்தான்.
கூலியில் பாதி ரொக்கம்,
மீதிக்கு ஒரு சீட். எண் முப்பத்தெட்டு,
பின்சக்கரத்துக்கு நேர் மேலே.

அதுவரை கடலைத்
திரையில் நீலமாக்கியதோடு சரி.
'அரிச்சல்முனையில் அருணோதயம்' என்று போட்டது
மோனைக்காக.
பரமக்குடியில் டயர் வெடித்து
நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை.
அவரவர் நிழல் அவரவர் செருப்படியில்
சுருண்டு கிடந்தது.
மின்வாரியத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற ஒருவர்
சிவப்பு மையால் அருணோதயத்தை அடித்து
நோட்டீஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்,
கோர்ட்டில் காட்டப் போகிறவர் போல.

திரும்புகையில் பாம்பன் பாலத்தில்
'புகைப்பட நிறுத்தம்'.
டிரைவர் ஒரு கியர் இறக்கினார். அதுதான் நிறுத்தம்.
நாற்பது கைகள் ஜன்னலுக்கு நீண்டன.
படங்களில் விழுந்ததெல்லாம்
இருபத்திரண்டு தீர்த்தமாடிக்
கம்பியில் காய்ந்த ஈரத் துண்டுகள்.

மண்டபத்தில் 'கடல் பார்த்த அறை'.
பொய் சொல்லக் கூடாது, பார்த்தது.
குளியலறையில் வாளியைக் கவிழ்த்து ஏறி நின்றால்
ஒரு விரற்கடை கடல்.
ஏறி நின்றேன். எழுதியவன் இல்லையா.

முன்சீட்டில் ராமாத்தாள்
ஜன்னல் பக்கமே திரும்பாமல் வந்தாள்.
என் நோட்டீஸை வரி விடாமல் வாசித்துக்கொண்டிருந்தாள்,
பக்கத்திலிருந்த வெள்ளியங்கிரிக்கு.
சர்க்கரை அவர் கண்களைத் தின்று நாலு வருஷம்.
இடம் வரவர விரலை வரியில் ஊன்றி,
"இப்ப இதுங்க" என்பாள்.
"வெண்மணல் விரிப்பு.
இரு கடல்கள் கைகோத்து நிற்கும் அதிசயம்."
அவர் தலையாட்டுவார்.
எனக்கு உள்ளங்கை வேர்க்கும்.

மறுநாள் கண்ணாடிப் படகு.
கச்சான் கிளம்பிவிட்டது, இன்றைக்கு விடமாட்டோம் என்றார்கள்.
படகுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன.
கணக்கர் கத்தினார். மேனேஜர் சபாபதி
நோட்டீஸின் கடைசி வரியைக் காட்டினார்.
எறும்புச் சாரை போல, ஆறு புள்ளி அளவில்,
அதையும் நான்தான் வைத்திருந்தேன்.

ராமாத்தாள் அவரை ஒரு கல்லில் உட்கார வைத்து
வாசிக்க ஆரம்பித்தாள்.
"கண்ணாடிக்குக் கீழே பவளக் காடுகள்.
வண்ண வண்ண மீன்கள்."
"என்ன வண்ணம்?"
விரல் முன்னே போனது, பின்னே வந்தது.
அதற்கு மேல் நான் எழுதியிருக்கவில்லை.
"ஏந்தம்பி, என்ன வண்ணம்னு போட்ருக்கானா, பாரு."

மஞ்சள். நீலத்தில் கறுப்புக் கோடு.
நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
அதற்குள் அவர் மூக்கை உயர்த்தினார்.
"படகு போகலையாட்டக்குது.
எஞ்சின் சத்தமே இல்லெ.
தண்ணி கலங்கல், சேறு பொரண்ட வாசம்."

அவள் நோட்டீஸை மடிக்கவில்லை.
"தெரிஞ்சா பேசாம இருங்க.
இதுக்கு மட்டும் நானூத்தம்பது ரூவா.
படிச்சாவது முடிச்சுக்கறேன்."

வெள்ளியங்கிரி வயிறு குலுங்கச் சிரித்தார்.
"படி, படி."

அவள் எறும்புச் சாரை வரைக்கும் போனாள்.
"காற்று, மழை, டயர் பழுது, நடை சாத்துதல்
ஆகியவற்றுக்குக் கம்பெனி பொறுப்பல்ல."
அதற்கும் தலையாட்டினார்.

நான் தண்ணீரைப் பார்த்தது அப்போதுதான்.
அரிசி களைந்த நிறம்.
நங்கூரக் கயிற்றருகே வெள்ளையாக ஏதோ புரண்டது.
மீனாக இருக்கலாம்.
கேரி பேக்காகவும் இருக்கலாம்.

ஊர் திரும்பி ஒன்பதாம் நாள் சபாபதி போன் செய்தார்.
"மறுபடி அஞ்சாயிரம். தேதிய மட்டும் மாத்திரு."
மாற்றினேன்.
அருணோதயத்தை விட்டுவைத்தேன், மோனை கெடக் கூடாது.
மீன்களுக்கு முன்னால்
கர்சர் வெகுநேரம் விட்டுவிட்டுத் துடித்தது.
பிறகு கரண்ட் போனது.