வாயில் பனிக்கட்டி

டொரொன்டோவில் பிப்ரவரி, மைனஸ் பத்தொன்பது.
எங்கள் கதையில் அது மயாமி, மே மாதம்.
ஒலெங்கா வொரொபெட்ஸ்
கையில்லாத மஞ்சள் கவுனில் நின்றாள்.
கிளாப் அடிக்குமுன் காகிதக் கோப்பையை நீட்டுவது
என் உத்தியோகம்.
இரண்டே இரண்டு பனிக்கட்டி.
வாய் உறைந்தால்தான் மூச்சு புகையாது,
மூச்சு புகையாதிருந்தால்தான் வெயில்.

டைட்டிலில் அவள் எலன் வார்டு.
தயாரிப்பாளர் ஒருவர் மதியச் சாப்பாடு முடிவதற்குள்
யோசித்துக் கொடுத்த பெயர்.
மானிட்டோபாவில், டாஃபினில்,
கோதுமைக் கிடங்கில் எடை போட்ட அவள் அப்பா
அதை இரண்டு முறை எழுத்துக்கூட்டிவிட்டு
யார் வீட்டுப் பெண் என்று கேட்டாராம்.

பன்னிரண்டு படம். ஒன்பதில் செத்தாள்.
கழுத்து நெரிபட்டு நான்கு, கத்தி இரண்டு,
ஏரி ஒன்று, லிஃப்ட் ஒன்று.
மிச்சமுள்ள ஒன்றில் எப்படிச் செத்தாள் என்று
இயக்குநருக்கே தெரியாது,
ஃபிலிம் தீர்ந்துவிட்டது.

அம்மா முதல் நாளே டிக்கெட் எடுப்பாள்.
மகள் இருட்டில் தனியாக
மாடிப்படி ஏறத் தொடங்கியதும்
கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுவாள்.
அவளைப் பொறுத்தவரை அந்தப் பெண்கள் அத்தனை பேரும்
இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

லாஸ் ஏஞ்சலஸ் போனாள், எட்டு மாதம்.
நிஜ வெயில். பனிக்கட்டி தேவையில்லை.
ஏதோ ஒரு சொல்லில் மட்டும்
அவள் வாய் வடக்கே திரும்பிவிடுகிறதாம்.
எந்தச் சொல் என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை.
பஸ்ஸில் திரும்பி வந்தாள்.
அந்த வருஷம் டொரொன்டோ சிகாகோவாக வேஷம் கட்டியிருந்தது.
அந்த ஊருக்கும் டைட்டிலில் பெயர் போடவில்லை.

மஞ்சள் கவுன், பதினேழாவது டேக்.
"என்ன புழுக்கம், அப்பா!" என்பது வசனம்.
தாடை அசையவில்லை.
எச்சிலோடு பனிக்கட்டியை விழுங்கிவிட்டுச் சொன்னாள்,
சொல்லி முடித்ததும் சிரிப்பு பீறிட்டது,
மயாமி முழுக்க வெள்ளைப் புகை.
கட் என்று கத்தினார்கள்.
அந்தத் துண்டை எறிந்துவிட்டார்கள்.
அவளை நான் நேரில் பார்த்தது
அந்தத் துண்டில்தான்.

போன ஜனவரியில் டாஃபின் போயிருந்தேன்.
கர்லிங் மைதானத்து கேன்டீனில்
சூப் ஊற்றிக்கொண்டிருந்தாள், எழுபத்தெட்டு வயது.
ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காசோலை,
மூன்று டாலர் நாற்பது சென்ட்.
"போர்ச்சுகலில் யாரோ நடுராத்திரியில் பார்த்திருக்கிறார்கள்.
இந்த மாதம் அங்கே செத்திருக்கிறேன்" என்றாள்.
மாற்றவில்லையா என்றேன்.
வங்கிக்குப் போய்வர பெட்ரோலுக்கு அதைவிட ஆகுமாம்.

வழியனுப்ப வெளியே வந்தாள். மைனஸ் முப்பத்தொன்று.
என்ஜினுக்கு ராத்திரி பிளக் மாட்டினாயா,
பேட்டரி எந்த வருஷத்தது,
வின்னிபெக் ரோட்டில் காற்று எப்படி அடிக்கும்...
ஒவ்வொரு சொல்லும்
அவள் முகத்தை மறைத்துக்கொண்டு வெளியே வந்தது.
கையுறைக்குள் என் கை
கோப்பையைத் தேடியது.
அவள் இன்னும் பேட்டரியைப் பற்றித்தான்
பேசிக்கொண்டிருந்தாள்.