பலகையில் ஒரு வரிக்குத்தான் இடம்

களியக்காவிளை பஸ்ஸ்டாண்டுக்குப் பின்னால்
இரண்டு டிவி, மூன்று ரிமோட், ஒரு கரும்பலகை.
புது விளையாட்டு வந்த இரவே ஆடிப் பார்த்து
காலையில் எழுதிவைப்பேன்:

குதிரை ஓடுகிறது. கதை நொண்டுகிறது.

மழை பிரமாதம். யார் சட்டையும் நனையவில்லை.

பேய்க்கு என்னைவிடப் பயம்.

இதற்கு மட்டும் பாறசாலைப் பையன்கள் சண்டைக்கு வந்தார்கள்.
அக்கா மூணாம் மாடிக்குப் போகவே இல்லையாம்.
போனேன்.
அங்கேயும் அதே பேய்.

'கொள்ளாம்' என்று எழுதினால்
காசு கொடுத்து வாங்காதே என்று அர்த்தம்.
அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் நல்லது என்று எடுத்துக்கொள்ளும்.
திருத்துவதில்லை. வியாபாரம்.

நேற்று, லாரி ஓட்டும் விளையாட்டு.
'ஸ்டியரிங் வெண்ணெய்' என்று பாதி எழுதியிருந்தேன்.
உள்ளே வந்தார் கோழிவண்டி மாதேஸ்வரன்.
பறவைக் காய்ச்சல் என்று
பதினோரு மணியிலிருந்து செக்போஸ்ட்டில் நிற்கிறது அவர் வண்டி.
அரைமணிக்குக் காசு வைத்தார்.
பனிமலை, நாலு நாடு, எங்கும் வெயில் இல்லை.
எல்லையில் குறுக்குக்கம்பு தானாகத் தூக்கிக்கொண்டது.
அதற்கு மட்டும் சிரித்தார்.

பிறகு, "லோடு என்னம்மா?" என்றார்.
தேடினேன். எங்கேயும் போட்டிருக்கவில்லை.
அந்த வண்டியில் இறங்கிப் பின்பக்கம் போகவும் முடியாது.

எட்டு நிமிஷம் பாக்கி.
வேண்டாமென்று, ஒரு வாளித் தண்ணீர் கேட்டு
வெயிலில் தூக்கிக்கொண்டு நடந்தார்.

வெண்ணெயை அழித்தேன்.

வண்டி ஓடுகிறது. பாரம் மூச்சு விடவில்லை.

வாளி இன்னும் திரும்பவில்லை.