கொருக்குப்பேட்டை கேட்

அமலோற்பவத்தின் வண்டி
கேட்டில் மாட்டிக்கொண்டது.
சரக்கு ரயில்.
பேண்டுக்காரர்கள் பீடி பற்றவைத்தார்கள்.

அச்சுக்கூலி பாக்கி வைத்தவள்தான்.
கால்வாயில் உப்புப் படகு போன கதைக்கு
எண்ணூர் வரை போய்
ஓர் உப்புக்கல்லை
வாயில் போட்டுப் பார்த்தவள்.
ஒரு சந்தின் பெயரில்
ஒற்று விட்டுப்போனதென்று
முந்நூறு பிரதியிலும் பேனாவால் போட்டாள்,
என் அச்சாபீஸ் வாசலில்,
மூன்று நாள்.

மாலையோடு நிற்கும் பிள்ளைகள்
பெட்டிகளை எண்ணுகிறார்கள்,
அவள் புத்தகத்தில் சொன்னபடி
சத்தமாக.
நாற்பத்தொன்று.
நாற்பத்திரண்டு.

"புக்குல நாப்பதுன்னு போட்டுகீது"
என்கிறான் ஒரு பொடியன்,
அவள் பெட்டியைப் பார்த்து.

கேட் திறந்தது.
சட்டைப்பையைத் தடவினேன்.
பேனா இருந்தது.
கடையில் இன்னும் விற்காமல்
நூற்றுப்பத்துப் பிரதி.