பாலத்தில் மாறிய திகதி

சுற்றறிக்கை வந்தது ஜனவரி ஒன்பதாம் திகதி.
நடைமுறைக்கு வந்தது ஜனவரி முதலாம் திகதி.
பின்புறமாக நடக்க அரசாங்கத்துக்குத் தெரியும்.
விழாமல்.

"பாதீட்டு ஒதுக்கீடு குறைக்கப்பட்டமையால்
பாடசாலை மாணவர் காப்புறுதி
மறு அறிவித்தல் வரை..."
மறு அறிவித்தல்களுக்கென்று ஒரு கோவை
எங்கள் உவர்மலைக் கந்தோர் அலுமாரியில் உண்டு.
அதற்குள் இன்னும் ஒரு தாளும் இல்லை.

என் மேசையில் பதினேழு கோரிக்கைப் படிவங்கள்.
பாம்பு, டெங்கு, தலையில் விழுந்த தேங்காய்,
நிலாவெளிப் பையன் ஒருவனின் சிறுநீரகம்.
பதினாறுக்கு முடிவு எழுதுவது லேசு.
முந்தியதா பிந்தியதா,
அவ்வளவுதான் கேள்வி.

பதினேழாவது ஜவ்பருடையது.
சீனக்குடா மா ஆலையில் மூட்டை ஏற்றுகிறவர்.
ஷிப்ட் முடிந்து நேரே வந்திருந்தார், கண்ணிமை வரை மா.
கதிரையைக் காட்டினேன்.
வெள்ளையாகிவிடும் என்று இருக்கவில்லை.

மகள் ஹிமாஸா, ஏழாம் தரம்.
டிசம்பர் முப்பத்தொன்று, அடைமழை,
கிணற்றடிப் பாசியில் வழுக்கி
வலது முழங்கை இரண்டாய்.
இரவு ஒன்பதரை.

"கிண்ணியா ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே பிலிம் இல்ல மிஸ்.
போனில படம் புடிக்கச் சொன்னாங்க.
எண்ட போனில கெமரா இல்ல.
பக்கத்துக் கட்டில் பொடியன்தான் புடிச்சித் தந்தான்.
டவுனுக்கு ஏத்தணும் எண்டாங்க.
அம்புலன்ஸ் நிக்கிது, ட்ரைவர் இல்ல.
ஓவர்டைம் வெட்டிட்டாங்களாம்.
ஓட்டோ புடிச்சி ட்ரைவர்ர வீட்ட போய்
நித்திரையில எழுப்பிக் கூட்டி வந்தன்.

பாலத்தில போகக்குள்ள
கப்பலெல்லாம் ஒண்டா ஊதிச்சி.
வாப்பா என்ன சத்தம் எண்டு கேட்டா புள்ள.
வருசம் பொறந்திட்டு மகள் எண்டன்."

பெரியாஸ்பத்திரியில் அனுமதித்த நேரம் 12.25.
பிளேட் ஒன்று, ஸ்குரூ ஆறு,
கையிருப்பில் இல்லை, வெளியில் வாங்கவும்.
பற்றுச்சீட்டு எழுபத்தெட்டாயிரத்து நானூறு.
ஒரு மூட்டைக்கு என்ன கூலி என்று
நான் கேட்கவில்லை.
அவராகவே சொன்னார்.

பிள்ளை எப்போது விழுந்தாள் என்று படிவம் கேட்பதில்லை.
எப்போது கட்டிலில் ஏறினாள் என்றுதான் கேட்கிறது.

"இருவத்தஞ்சு நிமிசம்தான் பிள்ளை,"
என்றார் குணநாயகம் சேர்,
சீனியில்லாத கந்தோர்த் தேத்தண்ணியை ஊதிக்கொண்டு.
"ஆனா நிமிசத்துக்கும் ஒடிட் வரும்."
சீனியும் இந்த வருட வெட்டுத்தான்.

எனக்கு வேறு கணக்கு ஓடியது.
ட்ரைவரின் ஓவர்டைம், ஒரு சேமிப்பு.
பிலிம், இன்னொரு சேமிப்பு.
இரண்டும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து
பிள்ளையை நள்ளிரவுக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டிருக்கின்றன.
அங்கே மூன்றாவது சேமிப்பு
முத்திரையோடு காத்திருந்தது.

ஜன்னலுக்கு வெளியே ஒரு கொம்பன் மான்
போட்டோகொப்பித் தாளைச் சப்பிக்கொண்டு நின்றது.
எத்தனையாம் இலக்கச் சுற்றறிக்கையோ.

நோய் அட்டை மழையில் நனைந்த அட்டை.
முத்திரையில் வருடம் ஊதாவாய்க் கரைந்து
மாதத்துக்குள் வழிந்திருந்தது.
உற்றுப் பார்த்தால் தெரியும்.
உற்றுப் பார்க்கவும் ஆட்குறைப்பு.

படிவத்தின் அடியில் மாணவர் கையொப்பம்.
இடக்கையால் போட்டிருக்கிறாள்.
'ஹி' படுத்திருக்கிறது.
'மா' எழும்பப் பார்க்கிறது.
'ஸா' கோட்டைத் தாண்டிக் குதித்துவிட்டது.

அதற்கு மேல் ஒரு பெட்டி வெறுமையாக:
அனுமதித்த திகதி.
எல்லாவற்றையும் நிரப்பிய ஜவ்பர்
அதை மட்டும் விட்டிருந்தார்.
பொய் எழுத வராது அவருக்கு.
மெய்யை எழுதினால் என்ன நடக்கும் என்று
ஓட்டோக்காரனுக்குக்கூடத் தெரியும்.

எல்லோரும் சாப்பிடப் போனபிறகு
பேனையை இடக்கைக்கு மாற்றினேன்.
மூன்று நன்றாகவே வந்தது.
ஒன்று கொஞ்சம் வளைந்துபோனது.
முழங்கையும் இனி
அப்படித்தான் இருக்குமாம், டொக்டர் சொன்னாராம்.